ஏலகிரி டூர்ல திடீர்னு பீரியட்ஸ் வந்துட்டா பூல்ல இறங்கலாமா?

ஏலகிரி ரிசார்ட்டுக்கு வந்த அன்னிக்கே டேட்டுக்கு முன்னாடி வந்துடுச்சு, பூல்ல இறங்கலாமானு கேட்டிருக்கீங்க. தாராளமா இறங்கலாம்மா, உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா பேட் வச்சுட்டு இறங்காதீங்க, அது பூல் தண்ணியையே உறிஞ்சி ஊதிடும், அப்புறம் ரத்தத்தப் பிடிக்காது. டாம்பான் (பிறப்புறுப்புக்குள்ள வைக்கற, நூல் தொங்கற சின்னப் பஞ்சு உருளை), இல்லனா மென்சுரல் கப் (உள்ள வச்சு ரத்தத்தப் பிடிக்கற சின்னக் கிண்ணம்), இந்த ரெண்டுல ஒண்ணுதான் சரி. மலை மேல தேடி அலையறதுக்குப் பதிலா வேலூர்லயோ திருப்பத்தூர்லயோ பெரிய மெடிக்கல்ல முன்னாடியே வாங்கிப் பையில போட்டுக்கறது நல்லது.

டாம்பானை 8 மணி நேரத்துக்கு மேல உள்ள வைக்கவே கூடாது, டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம்னு பாக்டீரியா விஷத்தால வர்ற நோய் அபூர்வமாதான் வரும் ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து, அதனால தண்ணிய விட்டு ஏறினதும் மாத்திடுங்க, நூலும் நனைஞ்சிருக்கும்ல. கப் 12 மணி நேரம் வரைக்கும் வைக்கலாம், ஆனா அத வீட்லயே போட்டுப் பழகியிருக்கணும். கல்யாணம் ஆகாத பொண்ணு இதெல்லாம் போடலாமானு எங்க பக்கம் அம்மாங்க ரொம்பப் பயப்படுவாங்க, கன்னித்தன்மைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க.

தண்ணிக்குள்ள இருக்கறப்ப அழுத்தத்தால வெளிய வர்றது குறையும், நின்னுடாது, ஏறினதும் வரும், டார்க் கலர் டிரஸ் போட்டுட்டு கரையிலயே ஒரு துண்டு வச்சுக்கோங்க. எதுவுமே கிடைக்கலனா அன்னிக்கு கால மட்டும் நனைச்சுட்டு உக்காருங்க, மறுநாள் ஜலகாம்பாறை அருவிக்குப் போறதுக்குள்ள கீழ இறங்கி வாங்கிக்கலாம்.