அப்பா அம்மாவோடு அந்தமான்: எத்தனை முறை படகு ஏற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். அம்மாவுக்கு 69, சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. இருவரும் கடைத்தெரு, கோயில் என்று தாங்களாகவே போய் வருகிறார்கள். பிப்ரவரியில் அவர்களை அந்தமானுக்கு அழைத்துப் போக ஆசை. டிராவல்ஸில் 5 இரவு, 6 பகல் திட்டம் கொடுத்திருக்கிறார்கள். போர்ட் பிளேர், ராஸ் தீவு, பாரட்டாங் குகை, ஹேவ்லாக், எலிஃபன்ட் பீச், நீல் தீவு, கண்ணாடிப் படகு எல்லாம் அதில் இருக்கிறது. அவர்கள் உடம்புக்கு இது ஒத்துவருமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்தமான் ஒத்துவரும். பிப்ரவரியும் நல்ல தேர்வு. மழை ஓய்ந்து கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் மாதம். ஒத்துவராதது அந்தத் திட்டம்தான்.

வயதானவர்களுக்கான பயணத்தில் எல்லோரும் கிலோமீட்டரைக் கணக்கிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது, எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும் என்பதை. உங்கள் திட்டத்தை அப்படி எண்ணிப் பாருங்கள். ராஸ் தீவுக்குப் போக வர 2 படகு. பாரட்டாங்குக்கு வாகனப் படகு, பிறகு வேகப்படகு, திரும்பும்போது அதே இரண்டும், ஆக 4. எலிஃபன்ட் பீச் போக வர 2. தீவுக்குத் தீவு பெரிய படகு 3. கண்ணாடிப் படகு 1. ஆறு நாளில் 12 முறை படகு ஏறி, 12 முறை இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்குச் சமதரையில் கொஞ்சம் நடப்பது பெரிய விஷயமில்லை. ஆடிக்கொண்டிருக்கும் படகில் ஒற்றைக் காலை எட்டி வைப்பதுதான் சிரமம். அந்த ஒரு நொடியில் உடம்பின் முழு எடையும் வலிக்கிற முட்டியின் மேல் விழும்.

முதலில் பாரட்டாங்கை எடுத்துவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. போர்ட் பிளேரிலிருந்து ஏறக்குறைய 100 கி.மீ. விடியலுக்கு முன்பே எழுந்து ஜிர்காடாங் சோதனைச்சாவடிக்குப் போய், வாகன வரிசையில் காத்திருக்க வேண்டும். அங்கிருந்து ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு வழியாகப் போலீஸ் பாதுகாப்போடு வண்டிகள் ஒன்றாகப் போகும். நடுவில் எங்கும் நிறுத்த அனுமதி இல்லை; அந்த மக்களின் பாதுகாப்புக்காக வைத்த விதி, சரியான விதி. ஆனால் நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவருக்கோ, புராஸ்டேட் தொல்லை உள்ளவருக்கோ அந்த ஒன்றரை மணி நேரம் பெரும் அவஸ்தை. அதற்கப்புறம் இரண்டு படகு, மேடுபள்ளமான பாதையில் நடை. குகையைப் பார்க்காமல் வந்ததற்காக உங்கள் அம்மா வருத்தப்பட மாட்டார்.

நீல் தீவு அழகான இடம், அதை விடச் சொல்ல எனக்கும் மனமில்லை. ஆனாலும் இந்தப் பயணத்தில் வேண்டாம். அங்கு எல்லோரும் பார்க்கப் போகிற இயற்கைப் பாலம், கடல் வற்றும் நேரத்தில் வழுக்கும் பவளப்பாறைகள் மேல் நடந்துபோய்ப் பார்க்க வேண்டியது. படகுத்துறையும் நீளம். இவ்வளவுக்காக ஒரு தடவை பெட்டி கட்டி, ஒரு ஹோட்டல் மாற வேண்டுமா? எலிஃபன்ட் பீச் நீர் விளையாட்டுக்காரர்களின் இடம்; அதையும் விடலாம்.

மிச்சமிருப்பது போர்ட் பிளேரும் ஹேவ்லாக்கும். அதுவே தாராளம். முடிந்தால் ஓர் இரவு கூட்டி 6 இரவாக்குங்கள்: போர்ட் பிளேரில் 2, ஹேவ்லாக்கில் 3, திரும்பி வந்து போர்ட் பிளேரில் 1. அந்தக் கடைசி இரவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். வானிலை மாறினால் படகை ரத்து செய்துவிடுவார்கள். அன்றைக்கே விமானம் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். முன்னும் பின்னும் ஒரே ஹோட்டலில் தங்கினால் இன்னொரு வசதி: பெரிய பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு, ஆளுக்கொரு சின்னப் பையோடு ஹேவ்லாக் போய் வரலாம். டிக்கெட்டில் ஊர்ப்பெயர்கள் வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம். ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் த்வீப். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்.

திருச்சியிலிருந்து ராத்திரி ரயிலில் சென்னை வந்து, அப்படியே விடியற்காலை விமானம் ஏறுவது பலர் செய்வது. உங்கள் பெற்றோருக்கு வேண்டாம். சென்னையில் ஓர் இரவு தூங்கி எழுந்து, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏறும் விமானமாகப் பாருங்கள். பறக்கும் நேரம் இரண்டு மணிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். "எனக்கெதுக்கு அது" என்று அப்பா மறுப்பார். விமான நிலையத்தின் நீண்ட நடையையும் நிற்கும் வரிசையையும் எடுத்துச் சொல்லுங்கள்.

அந்தமானில் பொழுது நம் ஊரைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னால் ஓடும். கடிகாரம் மட்டும் ஒன்றுதான். பிப்ரவரியில் ஆறு மணிக்கு முன்பே விடிந்து, மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். காலை எட்டு மணி வெயிலே நம் ஊர் ஒன்பது மணி வெயிலாக அடிக்கும். அதனால் ஆறு முதல் எட்டரை வரை ஒரு வெளிவேலை, மாலை மூன்றரைக்கு மேல் ஒன்று, நடுவில் சாப்பாடும் தூக்கமும். சீக்கிரம் எழுந்து பழகிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது இயல்பாகவே பொருந்திவிடும்.

போர்ட் பிளேரில் செல்லுலார் சிறையை விடவே கூடாது. 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தின் ஏழு சிறகுகளில் இன்று மூன்றே நிற்கின்றன. முற்றம், தூக்குமேடை, கண்காட்சிக் கூடங்களைக் கீழ்த்தளத்திலேயே பார்க்கலாம். சாவர்க்கர் இருந்த அறை மேல்தளத்தில். அம்மா படியேற வேண்டியதில்லை. ராஸ் தீவுக்கும் போகலாம். படகில் கால் மணி நேரம்தான், உள்ளே பேட்டரி வண்டி ஓடுகிறது. ஆங்கிலேயர்களின் தலைமையிடமாக இருந்த கட்டடங்களை மரவேர்கள் பற்றிக்கொண்டு நிற்பதை உட்கார்ந்தபடியே பார்த்து வரலாம். அன்றைக்குக் கடல் அலை அதிகமாக இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

ஹேவ்லாக் போக தனியார் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அதிகாலைப் படகு வேண்டாம். கூடுதல் விலை வகுப்பு பெரும்பாலும் மேல்தளத்தில் இருக்கும். ஆட்டமும் அங்கேதான் அதிகம். கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து பின்பக்கமாக இடம் கேளுங்கள். ஏறும்போது அவசரப்படுத்தும் கூட்டத்தை முன்னால் விட்டுவிட்டு நில்லுங்கள். படகின் விளிம்பு உயர்ந்து தாழ்ந்துகொண்டே இருக்கும். ஊழியர் கை கொடுப்பார். விளிம்பு துறையின் மட்டத்துக்கு வரும்போது, வலியில்லாத காலை முதலில் வைக்கச் சொல்லுங்கள். கையில் பையோ பாட்டிலோ இருக்கக் கூடாது, இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

குமட்டலுக்கு மருந்துக் கடையில் கேட்டதும் கொடுக்கும் அவோமின் போன்ற மாத்திரைகளைப் பெரியவர்களுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். தூக்கக் கலக்கமும் தடுமாற்றமும் வரும், ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். புறப்படும் முன் இதய மருத்துவரிடம் காட்டும்போதே இதையும் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றோடும் ஏற்ற வேண்டாம். இரண்டு இட்லி போதும்.

ஹேவ்லாக்கில் தங்குமிடங்கள் பெரும்பாலும் கிழக்குக் கரையில், கோவிந்த் நகர், விஜய் நகர் பக்கம். அறை வாசலிலிருந்தே சூரிய உதயம் பார்க்கலாம். ஆனால் கடல் வற்றும்போது நீர் வெகுதூரம் உள்வாங்கி, கல்லும் பவளமுமாகக் கிடக்கும். அங்கே இறங்க வேண்டாம். அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், பவளம் கிழித்த சின்னக் காயமும் எளிதில் நிற்காது. குதிகாலில் பட்டை போட்ட செருப்பு இருவருக்கும் கட்டாயம்.

காலை நனைக்க ராதாநகர் போங்கள். படகுத்துறையிலிருந்து 12 கி.மீ. மூன்றரைக்குக் கிளம்பினால் சூரியன் மறைவதை ஆற அமரப் பார்க்கலாம். மெத்தென்ற மணலில் முட்டி சீக்கிரம் களைத்துவிடும், ஈரம் படிந்த இறுகிய மணலில் நடத்துங்கள். அலை திரும்பும்போது பாதத்துக்கு அடியில் மணலை அரித்துக்கொண்டு போகும், நின்ற இடத்திலேயே ஆள் சாய்வது அப்படித்தான். கணுக்கால் ஆழத்துக்கு மேல் போகாமல், இருபக்கமும் ஒருவர் கைபிடித்து நில்லுங்கள். கரையில் மணல் ஈக்கள் கடிக்கும். காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளட்டும். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள எந்த இடத்திலும் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது. ஸ்கூபா, கடலடி நடை என்று யார் ஆசை காட்டினாலும் ஸ்டென்ட் வைத்தவருக்கு வேண்டாம்.

அறையைப் பதிவு செய்யும் முன் ஹோட்டலுக்கே போன் போட்டுப் பேசுங்கள். படத்தில் அழகாகத் தெரியும் மரக்குடில்கள் பல, தரையிலிருந்து நாலைந்து படி உயரத்தில் நிற்பவை. வாசலுக்கு எத்தனை படி, குளியலறைத் தரை தாழ்வா மட்டமா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, சாப்பாட்டுக் கூடம் எவ்வளவு தூரம், ராத்திரி அந்தப் பாதையில் விளக்கு எரியுமா என்று கேளுங்கள். குளியலறையை இப்போதே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப யோசிக்கிற இடத்தில் பதிவு செய்ய வேண்டாம். பெரியவர்கள் வழுக்கி விழும் ஆபத்து குளியலறையில் அதிகம்.

மருந்துகளை இரண்டு பங்காகப் பிரித்து, நாலு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா இன்சுலின் போடுகிறவரானால் அது கைப்பையில்தான் வர வேண்டும். விமானத்தின் சரக்கு அறையில் உறைந்தால் வீணாகிவிடும். படகு தாமதமானால் சாப்பாடும் தாமதமாகும். பிஸ்கட், குளுக்கோஸ் அவர் பையிலேயே இருக்கட்டும். அப்பாவின் ஸ்டென்ட் விவரம், கடைசி ஈசிஜி, மாத்திரைப் பட்டியல் மூன்றையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக்கில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய சிகிச்சைக்குப் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். அதனால் ஹேவ்லாக்கில் நெஞ்சில் லேசான இறுக்கம் வந்தால்கூட "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருக்காமல், அந்த நிமிடமே ஹோட்டல்காரரை எழுப்புங்கள்.

சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் கவலை வேண்டாம். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய, இட்லி தோசைக் கடைகளும் உண்டு. ஹேவ்லாக்கில் செல்போன் சிக்னல் சில நேரம் படுத்தும், கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையைப் படகுத்துறையிலும் கேட்பார்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது ஸ்டென்ட்டையும் சர்க்கரையையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பணம் தருவார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன் பிறகு டிராவல்ஸ்காரருக்கு முன்பணம் கட்டுங்கள்.