ஐஸ் போட்ட மீன்னா பழசுன்னு யாரு சொன்னா? (கடக்கரை கேள்வி பதில்)

இந்த மாசம் வந்த கேள்வியில முக்கால்வாசி மீனைப் பத்திதான். ஒரே விஷயத்தை நாலு பேரு கேட்டிருந்தா ஒண்ணை மட்டும் எடுத்திருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, போன வாரம் சூரை வாங்கி குழம்பு வச்சேன். சாப்பிட்டு அரை மணி நேரம் இருக்கும், எங்க வீட்டுக்காரருக்கு மூஞ்சி கழுத்தெல்லாம் செவந்து போயி தலைவலி, நெஞ்சு படபடப்பு. நாக்குல மிளகு கடிச்ச மாதிரி எரியுதுன்னு வேற சொன்னாரு. ஆஸ்பத்திரியில அலர்ஜின்னு மாத்திரை குடுத்தாங்க, சாயங்காலத்துக்குள்ள சரியாப் போச்சு. பொறந்ததுல இருந்து மீன் தின்னு வளந்த ஆளுக்கு திடீர்னு எப்படி அலர்ஜி வரும்? இனி மீனே குடுக்கக் கூடாதா? (வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: தாராளமா குடுங்கம்மா, ஆனா வாங்குற எடத்தை மாத்துங்க. நீங்க சொல்ற அறிகுறியெல்லாம் பாத்தா இது மீன் அலர்ஜி மாதிரி தெரியல, ஹிஸ்டமின் விஷம் மாதிரிதான் தெரியுது. சூரை, கானாங்கெளுத்தி, சாளை, நெத்திலி இந்த மாதிரி மீனுங்க சதையில ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலம் இயற்கையாவே ஜாஸ்தி. மீன் செத்து வெயில்ல கெடந்தா அதோட செவுள்லயும் குடல்லயும் இருக்குற பாக்டீரியா சதைக்குள்ள எறங்கி இந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினா மாத்திப்புடும். அலர்ஜி வந்தா நம்ம உடம்பே சுரக்குமே அதே ஹிஸ்டமின்தான், இங்க அது மீன் துண்டு வழியா வெளியில இருந்து உள்ள வந்திருக்கு. அதனாலதான் அலர்ஜி மாத்திரையே இதுக்கும் கேக்குது. மூச்சு வாங்குச்சுன்னாலோ தலை சுத்தி விழுந்தாலோ மட்டும் வீட்டுல வச்சுப் பாக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிதான். எதுக்கும் உங்க டாக்டர்கிட்ட 'அன்னைக்கி சூரை தின்னாரு'ன்னு சொல்லி ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

இதுல பெரிய சிக்கல் என்னன்னா, ஹிஸ்டமின் ஒரு தடவை உண்டாயிடுச்சுன்னா அதை எதைக்கொண்டும் எடுக்க முடியாது. கொதிக்க வச்சாலும் போகாது, பொரிச்சாலும் போகாது, உப்பு போட்டு கருவாடாக்குனாலும் போகாது, டின்ல அடைச்சு வேக வச்சாக்கூட அப்படியே இருக்கும். மோந்து பாத்தும் கண்டுபிடிக்க முடியாது, நாத்தமே இல்லாத மீன்லயும் இருக்கலாம். அதே மீன்ல உங்களுக்கு வந்த துண்டுல இல்லாம அவருக்குப் போன துண்டுல இருந்திருக்கலாம், ஏன்னா அது ஒரே சீரா பரவி இருக்காது. உலக அளவுல உணவுத் தரம் நிர்ணயிக்கிற கோடெக்ஸ் அமைப்பு கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல ஹிஸ்டமின் இருக்கக் கூடாதுங்குது. ஆனா லேப்ல பாத்தாத்தானே அளவு தெரியும், ஏலத்துல நிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?

தடுக்க ஒரே வழி ஐஸ்தான். கடல் தண்ணியோ காத்தோ சுமார் 28 டிகிரிக்கு மேல சூடா இருந்தா, மீன் செத்த 6 மணி நேரத்துக்குள்ள ஐஸுக்குள்ள போயிடணும்னு அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. சொல்லுது (உணவு, மருந்து தரத்தைப் பாக்குற அந்த நாட்டு அரசு அமைப்பு). நம்ம மன்னார் வளைகுடாவுல வருஷத்துல பாதி நாளு தண்ணி அந்தச் சூட்டுலதான் கெடக்கு. ராத்திரி புடிச்ச மீனு வல்லத்து அடியில சும்மா கெடந்து, காலையில கரைக்கு வந்து, ஏலம் முடிஞ்சு, கூடையில ஏறி தெருத்தெருவா வந்து உங்க வாசலுக்கு வர்றப்ப மணி பதினொண்ணு. கணக்குப் போட்டுப் பாருங்க.

நம்ம ஊர்ல ஒரு நெனப்பு இருக்கு, ஐஸ் போட்டா பழைய மீனு, ஐஸ் இல்லாததுதான் பச்ச மீனுன்னு. யாவாரிங்களும் பாவம், ஐஸைத் தூக்கி வெளியில போட்டுட்டு மீன் மேல தண்ணியத் தெளிச்சு 'இப்பத்தான் வந்துச்சு'ம்பாங்க, நம்மளும் சந்தோஷமா வாங்கிட்டுப் போவோம். கரைக்கே போயி கண்ணு முன்னாடி எறக்குன மீனை வாங்குனா அது வேற. மத்தபடி ஐஸுல பொதைஞ்சு கெடக்குற மீனை நம்பி வாங்கலாம், வெயில்ல பளபளன்னு பரப்பி வச்சிருக்குற சூரையைத்தான் நம்பக் கூடாது.

கேள்வி: தடைக்காலத்துல வெளியூர்ல இருந்து வர்ற மீன்ல பிணத்துக்குப் போடுற பார்மலின் கலக்குறாங்களாமே, ஈ உக்காராத மீன்னா பார்மலின் மீனுன்னு வாட்ஸ்அப்புல வருது, உண்மையா? (வாசகர், பரமக்குடி)

பதில்: கலப்படம் நடந்திருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். 2018-ல கேரளாவுல சோதனை போட்டப்ப டன் கணக்குல புடிச்சாங்க. நமக்கு ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு தடை, மேற்குக் கரைக்கு ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரைக்கும். அதனால அந்த நாள்ல மீனு ரொம்ப தூரத்துல இருந்து வரும், ஐஸ் செலவை மிச்சம் புடிக்க நெனைக்கிறவன் தப்புப் பண்ண அதுதான் நேரம். ஆனா ஈ கணக்கு சரிப்படாது. நல்லா ஐஸ்ல கெடக்குற மீன் மேலயும் ஈ அவ்வளவா உக்காராது. கொச்சியில இருக்குற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம், சிஃப்ட்டும்பாங்க, சின்ன பேப்பர் துண்டு வச்சு சில நிமிஷத்துல பார்மலின் இருக்கா அமோனியா இருக்கான்னு பாக்குற கிட்டு செஞ்சிருக்காங்க. சந்தேகம்னா உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் குடுங்க.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க, மீன் செத்தப்புறம் அதோட சதையிலேயே கொஞ்சூண்டு பார்மால்டிஹைடு (பார்மலின்ல இருக்குற அதே ரசாயனம்) தானா உண்டாகும். அதனால துளி இருந்தாலே கலப்படம்னு குதிக்கக் கூடாது, அளவுதான் கணக்கு. என்னையக் கேட்டா பார்மலினுக்குப் பயப்படுற பயத்துல கால்வாசி ஐஸ் இல்லாத மீனுக்குப் பயந்தாப் போதும், நம்ம வீட்டுல பாதி வயித்துக்கோளாறு வராது.

கேள்வி: மண்டபத்துல கூண்டுல வளக்குற கடல்விரால் ஊசி போட்டு வளக்குறதாம்ல? அதான் ஆறு மாசத்துல அவ்வளவு பெருசா வருதுன்னு எங்க மச்சான் சொல்றாரு. (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: உங்க மச்சானுக்கு பாதி விஷயம் தெரிஞ்சிருக்கு தம்பி, மீதி பாதியை நான் சொல்றேன். ஊசி உண்டு, ஆனா நீங்க திங்குற மீனுக்கு இல்ல, அதோட அம்மாவுக்கும் அப்பாவுக்கும். கடல்விரால் கூண்டுல இருந்தா தானா முட்டை போட யோசிக்கும். அதனால தாய் மீனைத் தனியா வச்சு வளத்து, முட்டை முத்துனதைப் பாத்து, ஒரு ஹார்மோன் ஊசி போட்டு முட்டை போட வைக்கிறாங்க. மண்டபத்துல இருக்குற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துல 2010-ல இப்படித்தான் இந்தியாவுலயே மொதத் தடவையா கடல்விரால் குஞ்சு பொரிக்க வச்சாங்க. (அந்த நிறுவனத்துக்கு ஒரு காலத்துல தலைமையகமே மண்டபம்தான், 1947-ல ஆரம்பிச்சது, அப்புறந்தான் கொச்சிக்குப் போச்சு. நம்ம ஆளுங்க பல பேருக்கு இது தெரியாது.) பொரிச்ச குஞ்சு கண்ணுக்கே சரியாத் தெரியாது. அதுக்கு ரோட்டிபர், ஆர்டீமியான்னு உயிருள்ள பொடி இரையா குடுத்து, கொஞ்சம் பெருசானதும் தீவனத்துக்குப் பழக்கி, அப்புறம் கூண்டுக்கு மாத்துவாங்க.

வேகமா வளர்றது அந்த மீனோட பொறவிக் குணம். ஆறேழு மாசத்துல ரெண்டரை கிலோ, மூணு கிலோ வந்துடும். கடல்ல சுதந்திரமா திரியிற கடல்விராலும் அப்படி வளர்றதுதான். அதுக்காகத்தானே வளக்குறதுக்கு இதைத் தேடிப் புடிச்சாங்க.

கேக்க வேண்டிய கேள்வி வேற. என்ன தீவனம் போடுறாங்க? சாளை, காரல்னு மலிவு மீனை வெட்டிப் போட்டா, தின்னாம விட்டது கூண்டுக்கு அடியில தங்கி அழுகும், தண்ணி கெடும். அதோட மனுசன் திங்க வேண்டிய சாளையை மீனுக்குப் போட்டு மீன் வளக்குறது என்ன கணக்குன்னு எனக்கே ஒரு கொறை உண்டு. நோய் வந்தப்ப என்ன மருந்து போட்டாங்கன்னும் கேக்கலாம், குளோரம்பெனிகால், நைட்ரோப்யூரான் மாதிரி ஆன்டிபயாடிக் எல்லாம் மீன், றால் வளர்ப்புல தடை. மத்தபடி கூண்டு மீன்ல ஒரு நல்லது இருக்கு, எப்ப புடிக்கணும்னு வளக்குறவருக்கு முன்னாடியே தெரியும், ஐஸை ரெடி பண்ணி வச்சுட்டு புடிக்கலாம். உயிரோட இருந்த மீனு நேரா ஐஸுக்குள்ள. வல்லத்துல போறவருக்கு அந்த வசதி எங்க இருக்கு?

கேள்வி: மாமியார் தினமும் கருவாடு கேக்குறாங்க, பிரஷர் இருக்கு. குடுக்கலாமா? (வாசகி, சாயல்குடி)

பதில்: தினமும் வேணாம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்ள நிறுத்தச் சொல்லுது, உப்புக் கருவாட்டுல ரெண்டு துண்டு தின்னாலே அதுல பெரும்பங்கு போயிடும். எப்பவாச்சும் ஆசைக்குக் குடுக்குறப்ப வெந்நியில ஊற வச்சு அந்தத் தண்ணியக் கொட்டிட்டு சமைங்க, குழம்புக்கு தனியா உப்பு போடாதீங்க. உப்பு போடாம காயவச்ச நெத்திலி கெடைச்சா இன்னும் நல்லது, முள்ளோட திங்குறதால கால்சியமும் சேரும்.

வாங்குறப்ப மணல்ல போட்டதா, பந்தல் கட்டி மேல காயப்போட்டதான்னு கேளுங்க. மணல்னா ஈ, நாய், காக்கா எல்லாத்தோட பங்கும் அதுல இருக்கும். ஈ வராம இருக்க கருவாட்டு மேலயே பூச்சி மருந்து அடிக்கிறதை வங்கதேசத்துல ஆய்வாளருங்க பாத்து எழுதிருக்காங்க, இங்க வாங்குறப்பவும் தெரிஞ்ச ஆளுககிட்ட வாங்குறது உத்தமம். அப்புறம் 'விக்காம நொந்து போன மீனைத்தானே கருவாடு போடுறோம்'னு சர்வசாதாரணமா சொல்றாங்களே, மேல தங்கச்சிமடம் அம்மாவுக்கு சொன்ன பதிலை அவுங்களும் ஒரு தடவை படிக்கட்டும்.

கேள்வி: நோன்புக்கு கடல்பாசி காய்ச்சுறோம், அதுல ஏதோ மிருகக் கொழுப்பு இருக்குன்னு ஒருத்தவுங்க சொல்லிட்டாங்க. எங்க லாத்தா அதுல இருந்து தொடவே மாட்டேங்குறாங்க. (வாசகி, கீழக்கரை)

பதில்: லாத்தாவை நிம்மதியா சாப்பிடச் சொல்லுங்க. மிருகத்தோட தோல், எலும்புல இருந்து எடுக்குறது ஜெலட்டின். கடல்பாசி அகர், அது முழுக்க முழுக்க கடல்ல வெளையிற செடி. நம்ம கரையிலயே பொம்பளைங்க முக்குளிச்சு எடுக்குற மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி இதுல இருந்து எடுக்குறதுதான். கயித்துலயும் மூங்கில் மிதவையிலயும் கட்டி வளக்குறாங்களே கப்பாபைகஸ், அது வேற பாசி, அதுல வர்றது கராஜீனன், ஐஸ்கிரீம் மாதிரி அயிட்டத்துல சேப்பாங்க. ரெண்டும் சைவம்தான்.

வீட்டுலயே பாத்துடலாம். ஜெலட்டின் நம்ம ராம்நாட் வெயிலுக்கு தட்டுலயே உருகி ஓடிடும். அகர் சுமார் 85 டிகிரி சூடு வந்தாத்தான் உருகும், எறக்கி வச்சா 40 டிகிரிக்குக் கீழ வர்றப்பவே கட்டியாயிடும், பிரிட்ஜே வேணாம். இந்தக் குணத்தாலதான் 1880-கள்ல ஜெர்மனியில கிருமி ஆராய்ச்சி பண்ணுன ராபர்ட் கோக் லேப்ல பாக்டீரியா வளக்குற தட்டுக்கு அகர் வந்துச்சு. ஜெலட்டின் உருகி உருகி அவுங்க தவிச்சப்ப, அங்க வேலை பாத்த ஒரு டாக்டரோட மனைவி ஃபேனி ஹெஸ்ஸிங்கிறவங்க தன் சமையக்கட்டு அனுபவத்துல இருந்து சொன்ன யோசனை அது. மீன்ல கிருமி இருக்கான்னு இன்னைக்கி லேப்ல பாக்குறதும் அதே பாசி மேலதான். சத்துன்னு பெருசா ஒண்ணும் இல்ல, நார்ச்சத்துதான். நீங்க ஊத்துற பாலும் சீனியும்தான் கணக்கு.

கேள்வி: பேத்தை மீனை சுத்தம் பண்ணித் தின்னலாம்னு பிரண்டு சொல்றான். (வாசகர், தொண்டி)

பதில்: வேணாம். அதுல டெட்ரோடோடாக்சின்னு ஒரு விஷம் இருக்கு, வேக வச்சாலும் போகாது, மாத்து மருந்தும் கெடையாது. பிரண்டையும் திங்க விடாதீங்க.

கேள்வி: மக மாசமா இருக்கா. மீனே குடுக்காதன்னு சம்பந்தி வீட்டுல, பெத்ததும் சுறாப்புட்டுதான் குடுக்கணும், அப்பத்தான் பால் ஊறும்னு எங்க அம்மா. யாரு சொல்றதைக் கேக்க? (வாசகி, ஏர்வாடி)

பதில்: ரெண்டு பேரு சொல்றதையும் பாதிப் பாதி. வயித்துப் புள்ளையோட மூளைக்கும் கண்ணுக்கும் ஒமேகா-3 கொழுப்பு வேணும், அது மீன்ல இருந்து கெடைக்கிற மாதிரி சுலபமா வேற எதுலயும் கெடைக்காது. அதனால மீனை நிறுத்தாதீங்க, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை சாளை, நெத்திலி, காரல்னு சின்ன மீனா குடுங்க. பெரிய மீனு சின்ன மீனைத் தின்னு தின்னு பாதரசத்தை ஒடம்புல சேத்து வச்சிருக்கும், அது புள்ளையோட நரம்பைத்தான் மொதல்ல பாதிக்கும். ஜப்பான்ல மினமாட்டாங்கிற ஊர்ல 1956-ல வெளிய தெரிஞ்ச கொடுமை இந்தப் பாதரசத்தாலதான், அங்க ஒரு தொழிற்சாலை கழிவை நேரா கடல்ல விட்டுச்சு. நம்ம கடல் அந்த நெலமையில இல்ல, ஆனாலும் பெரிய சுறா, கொப்பரா மாதிரி ஆள் ஒசர மீனெல்லாம் இந்த சமயத்துல தள்ளி வைங்க.

பால் ஊறுறது புள்ளை எத்தனை தடவை சப்புதோ அதைப் பொறுத்தது, தாய் நல்லா சாப்பிட்டு தண்ணி குடிச்சு தூங்குனாப் போதும். அம்மா ஆசைக்கு சின்ன பால்சுறா கெடைச்சா புட்டு செஞ்சு குடுங்க, நல்ல புரதம், ஒண்ணும் ஆகாது. சுறா மட்டும் ஐஸ்ல இருந்ததா பாத்து வாங்குங்க, அதோட சதையில யூரியா இருக்கு, ஐஸ் இல்லாம வச்சா ஒரே நாள்ல அமோனியா வாடை மூக்கைத் தொளைச்சிடும், அப்புறம் எத்தனை பூண்டு உரிச்சுப் போட்டாலும் போகாது.