மாமா சொல்லும் கம்ப்யூட்டர் சயன்ஸும் மகன் கேட்கும் சிவப்பு ஹூடியும்

கனடாவின் வடக்கே, வடமேற்குப் பிரதேசத்தின் யெலோநைஃபில் இருந்து கூப்பிட்ட அக்காவுக்கு,

அன்று போனில் நீங்கள் அழுததால் நாலு ஆறுதல் வார்த்தை சொன்னேன். இப்போது யோசித்ததை அப்படியே எழுதுகிறேன். ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் அண்ணர் சொல்கிறார் என்பதற்காக மகனைக் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க டொரொன்டோவுக்கு அனுப்பாதீர்கள். நாலு வருடக் கட்டணம், பேஸ்மென்ட் வாடகை, அதற்காக வீட்டின் மேல் இன்னொரு கடன். அந்தக் கடனில் அண்ணர் ஒரு டொலரும் கட்டப்போவதில்லை.

"ஆமியில் சேரப் போறானாம்" என்றீர்கள். அந்தச் சொல் போரைக் கண்ட நம் வீடுகளில் எப்படி விழும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவன் கேட்பது கனேடிய ரேஞ்சர்ஸ். 1947இல் தொடங்கிய பகுதிநேர ரிசர்வ் படை, நாடு முழுக்க சுமார் 5,000 பேர். சீருடையே சிவப்பு ஹூடியும் சிவப்புத் தொப்பியும்தான். பதுங்கிச் சண்டை போடுகிறவன் வெள்ளைப் பனியில் சிவப்பு உடுத்துவானா? கையில் துவக்கு இருக்கும், உண்மைதான். கரடி வந்தால் தற்காக்க அது வேண்டும். வடக்கில் ஆளில்லாத இடங்களில் ரோந்து போவது, வழக்கத்துக்கு மாறாக எதையாவது கண்டால் அறிவிப்பது, காணாமல் போனவர்களைத் தேடுவது, பயிற்சிக்கு வரும் ராணுவத்தினருக்குப் பனியில் உயிரோடு இருக்கக் கற்றுக்கொடுப்பது, இவைதான் வேலை. மேல் வயது வரம்பு கிடையாது. அதனால் இனுயிட், டெனே என்ற வடக்குப் பூர்வகுடி மக்களில் தாத்தா வயதுக்காரரும் பதினெட்டு வயதுப் பெடியனும் ஒரே குழுவில் ஸ்கிடூ என்ற பனி வண்டி ஓட்டுவார்கள். உங்கள் பக்கத்துக் குழுக்களில் தலைவரைக்கூட உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வேறெந்த ஆமியில் இது நடக்கும்?

மகனோடு தனியாகப் பேசினேன். பள்ளிக் கணக்கைப் பற்றிக் கேட்டால் "ம்" என்பதற்கு மேல் வரவில்லை. ஏரியில் பனிக்கட்டி தாங்குமா என்று எப்படிப் பார்ப்பாய் என்றேன். அவ்வளவுதான், இருபது நிமிடம் நிறுத்தவில்லை. தெளிந்த நீலக்கட்டி பலமானது, வெள்ளைக்கட்டிக்கு அதில் பாதிப் பலம்தான், சாம்பல் நிறம் கண்டால் ஈரம் ஊறியிருக்கிறது, திரும்பிவிட வேண்டும், ஒரு இடத்தில் துளை போட்டுப் பார்த்தால் போதாது, போகப் போக அளக்க வேண்டும் என்றான். நண்பனின் தாத்தாவோடு மீன்வலை போடப் போய்ப் பழகியதாம். ரேஞ்சர்ஸ் தேடுவது இந்த அறிவைத்தான்.

சரி, இனி அவனுக்கும் பிடிக்காத ஒன்று. இது ஒரு உத்தியோகம் அல்ல. பணியில் இருக்கும் நாட்களுக்குத்தான் சம்பளம், வருடத்தில் அந்த நாட்கள் கொஞ்சம்தான். ஸ்கிடூ அவனுடையதாக இருக்க வேண்டும். ராணுவப் பணிக்கு ஓட்டினால் அதற்கென்று ஒரு தொகை தருவார்கள், ஆனால் முதலில் வாங்குகிற காசு உங்கள் வீட்டுக் காசு. கடனில் புதிது வாங்கித் தராதீர்கள். உழைத்துப் பழையது ஒன்று வாங்கட்டும்.

அதனால் கூடவே ஒரு படிப்பு கட்டாயம். ஃபோர்ட் ஸ்மித்தில் அரோரா கல்லூரியில் சுற்றுச்சூழல், இயற்கை வளத் தொழில்நுட்பத்துக்கு இரண்டு வருட டிப்ளோமா இருக்கிறது. காட்டுயிர், நீர், காட்டுத்தீ என்று வடக்கில் வேலை தேடுகிறவனுக்கு நேராகப் பொருந்தும். உங்கள் பிரதேச அரசின் மாணவர் நிதியுதவியில் திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியமும் உண்டு. அவன் அங்கேயே பள்ளி படித்தவன் என்பதால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். வங்கிக்குப் போவது அதற்குப் பிறகு.

ரேஞ்சர்களின் அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் அவனோடு போய்வாருங்கள். அங்கே பிள்ளை வளர்த்த அம்மாமாரும் ரேஞ்சர்களாக இருப்பார்கள், உங்கள் பயத்தை அவர்களிடம் சொல்லிக் கேளுங்கள். அண்ணர் மறுபடி கூப்பிட்டால் என் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். ஒன்டாரியோவின் வடக்கிலும் இதே ரேஞ்சர்கள் இருக்கிறார்கள், கஷேசெவான் என்ற பூர்வகுடி ஊர்ப் பக்கம் வெள்ளம் வரும்போது ஊரைக் காலிசெய்ய உதவுகிறவர்கள் அவர்கள்தான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.