விஇபி ரிப்போர்ட்டில் இடது பக்க அலை சின்னதாக இருந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. புத்தகத்தை எடுத்தாலே தலைவலி என்கிறாள். பாளையங்கோட்டையில் விஇபி (கண் பார்ப்பதற்கு மூளையில் எழும் மின்னலையைப் பின்தலையில் பதியும் பரிசோதனை) எடுத்தோம். பி100 என்ற அலை எழும் நேரம் வலது கண்ணுக்கு 104, இடது கண்ணுக்கு 106 மில்லிசெகண்டு. ஆனால் அலையின் உயரம் பின்தலையில் வலது பக்கம் 9 மைக்ரோவோல்ட், இடது பக்கம் 6 தான். “புள்ளைக்கு இடது மூளை சரியா வேல செய்யலியோ?” என்று அத்தை கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. – ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, நீங்கள் எழுதிய எண்களில் இடது மூளைக்குக் குறை என்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை. அந்தத் தாளில் இரண்டு விதமான வலது, இடது இருக்கின்றன. ஒன்று கண். இன்னொன்று பின்தலையில் அலையைப் பதியும் எலெக்ட்ரோடு ஒட்டிய பக்கம். இரண்டையும் கலந்துவிட்டால் பயம்தான் மிஞ்சும்.

ஒவ்வொரு கண்ணிலிருந்தும் போகும் நரம்பிழைகளில் பாதிக்குச் சற்று அதிகமானவை நடுவழியில் மறுபக்கம் தாண்டிவிடும். மீதி தன் பக்கமே போகும். அதனால் எந்தக் கண்ணால் பார்த்தாலும் காட்சியின் வலது பாதி இடது மூளைக்கும், இடது பாதி வலது மூளைக்கும் போய்ச் சேரும். ஒரு கண்ணுக்கு மட்டும் பி100 தாமதமானால் அந்தக் கண்ணையும் அதன் நரம்பையும் பார்க்க வேண்டும். எந்தக் கண்ணை மூடி எடுத்தாலும் ஒரே பக்கத்து அலை கெட்டிருந்தால்தான், தாண்டும் இடத்துக்குப் பின்னால் தேடுவோம்.

திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இடம் மாறியதும் ஏறக்குறைய 100 மில்லிசெகண்டில் எழும் அலைதான் பி100. நான் முதலில் பார்ப்பது இந்த நேரத்தைத்தான். பார்வை நரம்பில் அழற்சி வந்தால் இது தள்ளிப்போகும் என்று லண்டன் ஆய்வாளர் ஹாலிடேயும் அவரது சகாக்களும் 1972-லேயே காட்டினார்கள். உங்கள் மகளுக்குக் கண்ணுக்குக் கண் வித்தியாசம் 2 மில்லிசெகண்டு. அது ஒன்றுமே இல்லை.

அலையின் உயரம் அப்படியல்ல. பின்மூளையின் மடிப்புகள் இரு பக்கமும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை. மண்டையோட்டின் கனமும் மாறும். முழுத் திரையையும் பார்க்கும்போது 9-க்கு 6 என்பது நல்ல ஆரோக்கியமானவர்களிடமும் வருவதுதான்.

இன்னொன்றும் உண்டு. திரையின் வலது பாதியில் மட்டும் கட்டங்களைக் காட்டினால் வேலை செய்வது இடது மூளை; ஆனால் பெரிய அலை பெரும்பாலும் வலது பக்க எலெக்ட்ரோடில் பதிவாகும். பார்வைக்கான மடிப்பு மூளையின் உள்பக்கச் சுவரில், மறுபாதியைப் பார்த்தபடி இருப்பதால் இப்படி. உங்கள் ஊர்த் தெருவில் ஒரு வீட்டு விளக்கு எதிர்வீட்டுத் திண்ணையில் வெளிச்சம் போடுவதில்லையா, அதுமாதிரி. ஆகவே இடது எலெக்ட்ரோடில் சின்ன அலை என்றால் இடது மூளை மந்தம் என்று படிக்கவே கூடாது.

பிறவியிலேயே நிறமி குறைந்து, முடி வெளுத்து, கண் ஆடும் அல்பினிசக் குழந்தைகளுக்கு இந்தப் பக்க ஒப்பீடு உண்மையிலேயே உதவும். அவர்களுக்கு இழைகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தாண்டுவதால், கண்ணை மாற்றினால் அலை கனக்கும் பக்கமும் மாறும்.

எண்ணெயையும் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து, பின்னல் போட்டு, பூ வைத்து வருவார்கள். ஒரு பிள்ளைக்கு இடது அலை பாதியாக வந்தது. எலெக்ட்ரோடைக் கழற்றினால் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. பேஸ்ட் போட்டுத் தேய்த்துத் திரும்ப எடுத்ததும் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது.

படிக்கும்போது வரும் தலைவலிக்கு முதலில் கண்ணாடிப் பரிசோதனை செய்யுங்கள். பவர் இருந்து கண்ணாடி இல்லாமல் விஇபி எடுத்திருந்தால் அலை சிறுத்தும் தாமதித்தும் காட்டும். மறுபடி எடுக்கச் சொன்னால் முந்தின நாள் சீயக்காய் போட்டு அலசி, எண்ணெய் தொடாமல், கண்ணாடியோடு கூட்டிப் போங்கள். கண்மணி விரியும் சொட்டு மருந்து அன்றைக்கு வேண்டாம். ஒரே பக்கத்துக் கதவு நிலையில் அடிக்கடி இடித்துக்கொண்டாலோ, வரியில் ஒரு பக்கத்துச் சொற்களை விட்டுவிட்டு வாசித்தாலோ பார்வைப் புலப் பரிசோதனையும் எம்ஆர்ஐயும் தேவை. காலையில் வாந்தியோடு தலைவலி வந்தாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.