ரயில் மாதிரிக்குத் தென்னையும் பனையும்: கட்டுக்கம்பி, தையல் நூல், ஏ4 தாள் போதும்

கேள்வி: சின்ன அளவில் ரயில் மாதிரி ஒன்று அமைத்து வருகிறேன். தென்னை, பனை மரங்கள் வேண்டும். இணையத்தில் விற்பவை விலை அதிகம், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. குறைந்த செலவில் வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். நான் மட்டக்களப்பில் இருக்கிறேன். எட்டு அடிக்கு இரண்டு அடிப் பலகையில் வாழைச்சேனை ஸ்டேஷனிலிருந்து ஓட்டமாவடிப் பழைய பாலம் வரைக்கும் ஒரு துண்டுப் பாதை அமைத்திருக்கிறேன். ரயிலும் பஸ்ஸும் அந்த ஒரே பாலத்தால் மாறி மாறிப் போன காலத்துக் காட்சி அது. இப்போது அதில் நாற்பது தென்னையும் ஒரு டசின் பனையும் நிற்கின்றன. வாங்கியது ஒரு கிலோ கட்டுக்கம்பி, சில நூல்கட்டைகள், ஒரு போத்தல் பைண்டர் கம் (மரம் ஒட்டும் வெள்ளைப் பசை), கொஞ்சம் பெயின்ட். கம்பி இன்னும் மிச்சம் இருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மரத்தில் செலவைக் குறையுங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள். இலங்கை ரயில் பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். 1:87 அளவில், அதாவது நிஜத்தை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அது 19 மில்லிமீட்டரைத் தாண்டும், ஆனால் கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 தான். என் பாதையும் அப்படித்தான் இருக்கிறது, பார்க்க வந்த ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. தென்னை பிழையாக வந்தால் மட்டும் ஆறு வயதுப் பிள்ளையும் கண்டுபிடிக்கும். நாம் பிறந்த நாளிலிருந்து பார்க்கிற மரம் அல்லவா? என்ஜினும் பெட்டியும் கொழும்பிலும் ஒன்றுதான், இங்கேயும் ஒன்றுதான். இது கொழும்பிலிருந்து வரும் உதயதேவி ரயில், ஊருக்குக் கிட்ட வந்துவிட்டது என்று சொல்லவைப்பது பக்கத்தில் நிற்கும் மரம்.

அளவு. வளர்ந்த தென்னை ஒன்றை 20 மீட்டர் என்று வைத்தால் 1:87 இல் 23 சென்டிமீட்டர் வரும். பெட்டிகளின் உயரம் ஐந்து சென்டிமீட்டரைத் தொடாது, ஆகவே முதல் தடவை நட்டுப் பார்க்கும்போது மரம் மிக உயரம் என்று தோன்றும். பயப்படவேண்டாம், நிஜத்திலும் அப்படித்தான். கடைமரங்கள் பெரும்பாலும் குட்டையாக இருப்பதால் கண் அதற்குப் பழகிவிட்டது. எல்லாவற்றையும் 23 இல் செய்யாமல் 10, 14, 18 என்று கலந்து செய்யுங்கள். உங்கள் அளவு 1:160 என்றால் உயர்ந்த மரம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்.

தண்டுக்கு நான் முதலில் எடுத்தது மூங்கில் குச்சி. பத்து மரம் செய்து வரிசையாக நட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தென்னை இப்படியா மகன் நிக்கும்?" என்றார். அப்புறம் கையாலேயே காட்டினார்: அடியில் வளைந்து, வெளிச்சம் உள்ள பக்கம் சாய்ந்து, மேலே போகப்போக நிமிர்ந்து. 1978 நவம்பர் 23 சூறாவளி வந்தபோது அவர் சின்னப் பையன். விடிந்து பார்த்தால் தோட்டத்தில் பாதி மரம் படுத்திருந்ததாம், நின்ற பாதியில் பலவற்றுக்குத் தலை இல்லையாம். சாய்ந்தும் வேர் அறாமல் பிழைத்த சில மரங்கள், கிடந்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கி மறுபடி மேலே வளர்ந்திருக்கின்றன. அந்த வளைவு மூங்கில் குச்சிக்கு வராது. பத்தையும் பிடுங்கிவிட்டேன்.

கட்டுக்கம்பிக்கு வரும். ஹாட்வெயார் கடையில் கொங்கிரீட் கம்பி கட்ட விற்பார்களே, அது. ஏழு துண்டு வெட்டுங்கள். ஒன்றை நடுவில் வைத்து ஆறைச் சுற்றி வைத்தால் தானாகவே உருண்டையாகச் சேரும். பிளையரால் இரண்டு நுனியையும் பிடித்து மெதுவாக ஒரு முறுக்கு. கம்பி 0.9 மில்லிமீட்டர் என்றால் கட்டின் தடிப்பு 2.7 வரும். 30 சென்டிமீட்டர் தடிப்புள்ள நிஜத் தண்டுக்கு 1:87 இல் மூன்றரை வேண்டும், மிச்சத்தை நூல் பார்த்துக்கொள்ளும். அடியில் இரண்டு சென்டிமீட்டர் கம்பியைச் சுற்றாமல் விட்டால் நடுவதற்கு உதவும்.

நூல் சுற்றும் வேலைதான் எனக்கு மிகப் பிடித்தது. தென்னை ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் ஓலை விடும். விழுந்த ஒவ்வோர் ஓலையும் தண்டில் ஒரு வளையத்தை விட்டுப்போகும். அந்த வளையங்கள் இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாமல் வரவேண்டும். சணல் கயிறு சுற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சணல் இந்த அளவுக்கு மிகத் தடிப்பு, மரம் கயிறு சுற்றிய கம்பமாகத்தான் தெரியும். சாதாரண தையல் நூல் சரியாகப் பொருந்துகிறது. கம்பியில் பைண்டர் கம் பூசி, கீழிருந்து மேலே நெருக்கமாகச் சுற்றுங்கள். அடியில் மட்டும் நாலைந்து தடவை போய்வந்தால் தென்னையின் அந்தத் தடித்த பாதம் கிடைத்துவிடும். சுற்றி முடித்ததும் மேலே மறுபடி கம் பூசுங்கள், இதைத் தவறவிடக்கூடாது. கடற்காற்று அடிக்கும் ஊரில் கட்டுக்கம்பி துருப்பிடித்து, சாம்பல் நிறத்துக்கு மேலே செம்மஞ்சள் கறையாக ஊறி வரும். எனக்கு நான்கு மரத்தில் வந்தது. நிறம் என்று பார்த்தால் தென்னைக்கு மண்ணிறம் அடிக்காதீர்கள். வெயிலில் நின்ற தென்னை சாம்பல் நிறம், மண்ணிறம் அதில் ஒரு துளிதான்.

இனி ஓலை. கோழி இறகைச் செதுக்கினால் தென்னோலை மாதிரி வரும் என்பது உண்மைதான், முதல் பார்வையில் ஆச்சரியமாக இருக்கும். நானும் செய்தேன். சில மாதத்தில் பூச்சி அரித்து நடு நரம்பு மட்டும் மிஞ்சியது. காகிதம்தான் நிலைத்தது. ஏ4 தாளின் இரண்டு பக்கமும் வெட்டுவதற்கு முன்பே எமல்ஷன் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். ஒரு பக்கம் கரும்பச்சை, மறுபக்கம் கொஞ்சம் மங்கலான பச்சை. நீர்வர்ணம் அடித்த என் முதல் ஓலைகள் மார்கழி மழையில் ஈரம் குடித்துத் தொங்கிப்போயின. கோதுமை மாப் பசையும் வேண்டாம், கரப்பான் வரும்.

நிஜ ஓலை ஐந்து மீட்டர் என்றால் உங்களுக்கு 57 மில்லிமீட்டர். 18 மில்லிமீட்டர் அகலத்தில் பட்டி வெட்டி, இரு நுனியையும் கூராக்கி, நீளவாக்கில் மடியுங்கள். மடிப்பை இடக்கையில் பிடித்துக்கொண்டு, திறந்த ஓரத்திலிருந்து மடிப்பை நோக்கிச் சரிவாக வெட்டிக்கொண்டே போகவேண்டும், மடிப்புக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி. பக்கத்துக்கு இருபது வெட்டு போதும். விரித்தால் இதழ்கள் எல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். முழுதாக விரிக்காதீர்கள். தென்னோலையின் இதழ்கள் நடுமட்டையிலிருந்து கூரைபோல் இரண்டு பக்கமும் கீழே சரியும், பாதி விரித்த மடிப்பு அதை அப்படியே தருகிறது. பழைய வயரை உரித்தால் வரும் செம்பு இழை ஒன்றை அடிப்பக்கம் ஒட்டுங்கள், காம்புக்கு ஒரு சென்டிமீட்டர் வெளியே நீட்டி. பிறகு ஓலையை வேண்டிய மாதிரி வளைக்கலாம். ஓர் ஓலைக்கு ஐந்து நிமிடம், ஒரு மரத்துக்குப் பதினாறு ஓலை. நிஜ மரத்தில் முப்பது இருக்கும், ஆனால் காகிதத்தில் முப்பது வைத்தால் தலை முட்டைக்கோவா ஆகிவிடும்.

தலை கட்டும்போது "காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்" என்ற பழமொழியை நினைத்துக்கொள்ளுங்கள், ஓலைகளின் வயது வரிசை அதிலேயே இருக்கிறது. நடுவில் மடிப்பு விரிக்காத மஞ்சள் கலந்த குருத்து ஒன்று நேராக. அதைச் சுற்றி நாலைந்து மேல்நோக்கி. அடுத்த சுற்று கிடையாக, நுனி மட்டும் தாழ்ந்து. கடைசிச் சுற்று தண்டை உரசிக்கொண்டு கீழே, அதில் ஒன்றிரண்டு காய்ந்த மண்ணிறத்தில். உள்ளே இருந்து வெளியே ஒவ்வொரு சுற்றாக வைத்து நூலால் கட்டிக் கம் விடுங்கள். தொங்கும் அந்தக் காவோலை இல்லாத தென்னை ஹோட்டல் வாசல் அலங்காரம்போல இருக்கும். தேங்காய்க்குக் கடுகு. இரண்டு மில்லிமீட்டர்க் கடுகு நிஜத்தில் 17 சென்டிமீட்டர், குலைக்கு ஏழெட்டு, பச்சை அடித்து. செவ்விளநீர் மரம் வேண்டுமானால் செம்மஞ்சள் அடியுங்கள், அதைக் குட்டையாக, வீட்டு முற்றத்தில் வையுங்கள். மிளகு பெரிது, பார்க்கப் பலாப்பழம் மாதிரி ஆகிவிடும்.

பனை எளிது. நேரான மரம் என்பதால் நான் பிடுங்கிய மூங்கில் குச்சிகள் இதற்குப் பயன்பட்டன. டிஷ்யூத் தாளைக் கம்மில் நனைத்துச் சுற்றி ஐந்து மில்லிமீட்டர் தடிப்பாக்கி, கிட்டத்தட்ட கறுப்பாக அடித்தேன். ஓலைக்கு 20 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி, பாதி, கால், அரைக்கால் என்று மடித்து, ஓரத்தைக் கூராக வெட்டி, விசிறிபோல் விரித்து, காம்புப் பக்கம் ஒரு சிறு துண்டை நீக்கிவிட்டுச் செம்பு இழையில் ஒட்டவேண்டும். மடிப்புகள் மேலே பார்த்துத் தண்ணீர்ப் பீலிபோல் திறந்திருக்கட்டும். தலை பந்துபோல் உருண்டையாக வரவேண்டும். பனங்காய்க்குக் கடுகின் சொந்த நிறமே போதும். ஆனால் பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம், ஆண்பனை காய்க்காது. பாதி மரத்துக்குக் காய் ஒட்டாமல் விடுங்கள். பெரிய மரங்களின் காலடியில் தண்டே இல்லாத இரண்டு மூன்று வடலிகளும் (இளம் பனைகள்) வேண்டும், அவை இல்லாத பனங்கூடல் இங்கே எங்கும் இல்லை.

நடும்போது தோட்டத் தென்னைக்கு எட்டு மீட்டர் இடைவெளி, அதாவது ஒன்பது சென்டிமீட்டர். ஒரு சதுர அடிக்குள் ஒன்பது மரத்துக்கு மேல் திணிக்காதீர்கள். ஆற்றோரத்தில் வரிசை வேண்டாம், எல்லாம் தண்ணீர்ப் பக்கம் சாயட்டும். அடித்தளமான ரெஜிபோமில் (தெர்மோகோல்) துளையிட்டுக் கம் விட்டு நடுங்கள், காய்வதற்குள் உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியைக் கையால் ஒருதரம் தள்ளிப் பாருங்கள், வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளிக்கொண்டு வரும், தாழ்ந்த ஓலை தட்டும்.

என் தோட்டத்தின் பின்வரிசையில் மூன்று மரத்துக்கு ஓலை வைக்கவில்லை. வெறும் தண்டு, நுனி முறிந்தபடி. அதை அப்பாதான் நட்டார்.