180 பேர் பார்த்தார்கள், ஒருவரும் வரவில்லை

கேள்வி: என் மகள் படிக்கும் பள்ளியில் இந்த ஆண்டு என்னைப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவி ஆக்கிவிட்டார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை, அவ்வளவுதான். வாட்ஸ்அப் குழுவில் 180 பெற்றோர் இருக்கிறார்கள். எது கேட்டாலும் எல்லாரும் பார்க்கிறார்கள், ஒருவரும் பதில் போடுவதில்லை. கூட்டத்துக்கு ஆறேழு பேர் வருகிறார்கள், அதிலும் முன்னாள் தலைவரே பாதி நேரம் பேசிவிடுகிறார். கடைசியில் மேடை அலங்காரத்திலிருந்து ரசீது எழுதுவதுவரை எல்லாம் என் தலையில். போதாக்குறைக்குப் போன வாரம் ஒருவர் குழுவில் 'கணக்கு எங்கே?' என்று குத்தலாகக் கேட்டார். அலுவலகத்தில் எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள், அங்கே இப்படி ஒரு சிக்கலும் இல்லை. இங்கே மட்டும் ஏன்? பேசாமல் ராஜினாமா செய்துவிடலாமா? – ஒரு வாசகி

பதில்: ராஜினாமா கதையைக் கடைசியில் பேசுவோம். முதலில் அந்த அலுவலக விஷயம், ஏனென்றால் உங்கள் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அலுவலகத்தில் நீங்கள் சொன்னால் நடக்கிறது, சரி. அங்கே சம்பளம் இருக்கிறது, பதவி உயர்வு இருக்கிறது, வேலையை விட்டால் வீட்டு வாடகை யார் கட்டுவது என்ற பயம் இருக்கிறது. பெற்றோர் கழகத்தில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. "என்னால் முடியாது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவரை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. உங்களிடம் இருப்பது கேட்கும் உரிமை மட்டும்தான், அதனால் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் பாதி நிர்வாகம் அடங்கியிருக்கிறது.

நீங்கள் குழுவில் போட்ட செய்தி அநேகமாக இப்படி இருந்திருக்கும்: "அன்பான பெற்றோர்களே, ஆண்டு விழா நெருங்குகிறது, உதவ விருப்பமுள்ளவர்கள் தொடர்பு கொள்ளவும்." இதைப் படிக்கும் ஓர் அப்பாவின் மனசுக்குள் போய்ப் பாருங்கள். என்ன உதவி? எத்தனை நாள்? போனால் நாற்காலி தூக்கவா, பணம் கேட்கவா? ஒரு தடவை தலையைக் காட்டினால் ஆண்டு முழுக்க விடமாட்டார்களோ? இவ்வளவையும் யோசித்துவிட்டு, 'இன்னும் 179 பேர் இருக்கிறார்களே, யாராவது வருவார்கள்' என்று போனைக் கவிழ்த்து வைக்கிறார். அவர் கெட்டவர் இல்லை, சோம்பேறியும் இல்லை.

1968இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தனித்தனி அறைகளில் மாணவர்கள் இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்க, ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோலக் குரல் கேட்கிறது. 'இது எனக்கு மட்டும்தான் கேட்கிறது' என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து உதவிக்குப் போனார்கள். இன்னும் நான்கு பேருக்கும் கேட்கிறது என்று நினைத்தவர்களில் போனது 31 சதவீதம். ஓர் உயிர் தவிப்பதாக நினைத்தபோதே இந்த நிலைமை என்றால், உங்கள் தோரணம் கட்டும் வேலைக்கு 180 பேர் இருக்கும் குழுவில் பதில் வராததில் என்ன ஆச்சரியம்?

அதனால் குழுவில் கேட்பதை நிறுத்துங்கள். குழு, தகவல் சொல்ல மட்டும். வேலை கேட்பதென்றால் ஒருவரிடம், தனியாக, முடிந்தால் நேரில், இல்லாவிட்டால் போனில். கேட்கும் வேலைக்குத் தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும். இப்படி: "சார், வணக்கம். சனிக்கிழமை காலை எட்டிலிருந்து ஒன்பதுவரை வாசல் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரை எழுத ஓர் ஆள் வேண்டும். பேனா, நோட்டு எல்லாம் அங்கேயே இருக்கும். ஒன்பது மணிக்கு வேறொருவர் வந்து உங்களை விடுவித்துவிடுவார். முடியுமா? முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்." இதற்கு 'சரி' என்று சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள். 'முடியாது' என்று சொல்வதும் அதே அளவு சுலபம், அதுவும் முக்கியம், ஏனென்றால் சங்கடப்பட்டு ஒத்துக்கொள்கிறவர்தான் அன்றைக்குக் காலை ஏழே முக்காலுக்கு 'திடீரென்று ஒரு வேலை' என்று மெசேஜ் போடுவார்.

இப்படிக் கேட்க வேண்டுமானால் முதலில் வேலையை உடைக்க வேண்டும். 'விழாப் பொறுப்பு' என்பது வேலையின் பெயரே இல்லை, அது ஒரு மூட்டை. ஒரு மாலை உட்கார்ந்து அதை அவிழ்த்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: மைக் செட்காரருக்குப் போன், அழைப்பிதழில் பிழை திருத்தம், நாற்காலி எண்ணுவது, முதலுதவிப் பெட்டி, புகைப்படம், மறுநாள் நன்றிக் கடிதம். முப்பது நாற்பது துண்டு தேறும். அதில் பாதியை வீட்டிலிருந்தே செய்யலாம் என்பது எழுதிப் பார்த்த பிறகுதான் தெரியும். கூட்டத்துக்கே வராத பெற்றோருக்கு அந்தத் துண்டுகளைக் கொடுங்கள். இரவு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவர், இவர்களையெல்லாம் 'ஈடுபாடு இல்லாதவர்கள்' என்று ஒதுக்கிவிடுகிறோம். அவர்களிடம் யாரும் கேட்டதே இல்லை என்பதுதான் பல இடங்களில் உண்மை.

கொடுத்தபிறகு கையை எடுத்துவிடுங்கள். இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன், கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் எதையும் சுத்தமாகச் செய்கிற ஆள் என்று தெரிகிறது. ஒருவர் பேனர் வடிவமைத்து அனுப்புகிறார், உங்களுக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. தேதி சரியா, பள்ளியின் பெயரில் எழுத்துப் பிழை இல்லையா? அப்படியென்றால் 'அருமை, அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான். ராத்திரி உட்கார்ந்து நீங்களே அதை மாற்றினால் நிறம் நன்றாகிவிடும், ஆனால் அந்த ஆள் அடுத்த தடவை வரமாட்டார். அவருக்குத் தெரிந்த நாலு பேரும் வரமாட்டார்கள். எல்லாவற்றையும் தானே செய்கிற தலைவரைப் பார்த்து மற்றவர்கள் பரிதாபப்படுவதில்லை, 'அவங்களே பார்த்துக்குவாங்க' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

அடுத்து கூட்டம். உங்களைப்போலவே மாட்டிக்கொண்ட ஒருவரின் கதை சொல்கிறேன். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் அமெரிக்க ராணுவப் பொறியாளர். 1863இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள், எப்படி நடத்துவதென்றே தெரியாமல் திண்டாடிப்போனார். அந்த அவமானத்தில் கூட்டம் நடத்தும் விதிகளைத் தேடிப் படிக்கத் தொடங்கியவர், 1876இல் தானே ஒரு விதிநூல் வெளியிட்டார். இன்றைக்கும் உலகத்தில் எத்தனையோ சங்கங்கள் அதை வைத்துத்தான் கூட்டம் நடத்துகின்றன. அந்த விதிகள் முழுவதும் உங்களுக்கு வேண்டாம், ஆறேழு பேர் கூடுமிடத்தில் அது கேலிக்கூத்தாகிவிடும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு விஷயத்தில் இன்னும் பேசாத ஒருவர் பேச விரும்பினால், ஏற்கெனவே பேசியவர் இரண்டாம் முறை பேசக் கூடாது. கூட்டத்தின் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் பொதுவாக இதைச் சொல்லிவிடுங்கள். முன்னாள் தலைவர் இரண்டாவது தடவை வாயைத் திறக்கும்போது "ஐயா, ஒரு நிமிடம், இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு பேர் பேசவில்லை, அவர்களைக் கேட்டுவிட்டு உங்களிடம் வருகிறேன்" என்றால் அவர் முகமும் வாடாது, கூட்டமும் நகரும். சொன்னபடி அவரிடம் திரும்பி வரவும் வேண்டும்.

முன்னாள் தலைவரைக் கூட்டத்துக்கு வெளியே ஒருமுறை தனியாகப் பாருங்கள். 'போன வருஷம் மைக் செட் யாரிடம் எடுத்தீர்கள், எதில் ஏமாந்தீர்கள்' என்று கேளுங்கள். பதவி போன வருத்தம் இருக்கிறவருக்குத் தன் அனுபவத்தை யாரும் கேட்கவில்லையே என்ற குறைதான் பெரும்பாலும் அடியில் இருக்கும். அப்படியில்லாமல் வெறும் அதிகார ஆசைதான் என்றால், அதுவும் அந்தச் சந்திப்பிலேயே தெரிந்துவிடும், அப்போது மரியாதையாகத் தள்ளி வைத்துவிடலாம்.

கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பேசப்போகிற விஷயங்களை இரண்டு நாள் முன்னாலேயே அனுப்புங்கள், பெரிய விஷயம் முதலில். சின்ன விஷயத்தை முதலில் வைத்தால் அதிலேயே நேரம் ஓடிவிடும். பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1957லேயே இதைக் கிண்டல் செய்திருக்கிறார். அவர் கற்பனை செய்த நிதிக்குழு ஒன்று அணு உலைக்கான பெருந்தொகையைச் சில நிமிடங்களில் ஒப்புக்கொண்டுவிட்டு, சைக்கிள் கொட்டகையின் கூரை பற்றி முக்கால் மணி நேரம் விவாதிக்கும். அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லாருக்கும் புரியும் என்பதுதான் காரணம். பிள்ளைகளின் கழிப்பறை பழுதாகிக் கிடக்கும்போது, விழா பேட்ஜ் வட்டமா சதுரமா என்று நாற்பது நிமிடம் பேசுகிற கழகங்கள் இன்றும் உண்டு. யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வதாக ஒத்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் எழுதி அன்றிரவே அனுப்புங்கள். 'அவர் இப்படிச் சொன்னார், இவர் அப்படிச் சொன்னார்' என்ற நீளமான மினிட்ஸை யாரும் படிப்பதில்லை.

இனி கணக்கு. இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். கேட்டவர் குத்தலாகக் கேட்டார் என்று கோபப்படுகிறீர்கள், நியாயம்தான், ஆனால் கேள்வி சரியான கேள்வி. ரசீதையும் நீங்களே எழுதி, பணத்தையும் நீங்களே வைத்திருந்தால், நீங்கள் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் உங்களுக்குச் சாட்சி கிடையாது. வசூலான பணத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, எண்ணிய இடத்திலேயே தாளில் தொகை எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. வங்கிக் கணக்கு கழகத்தின் பெயரில், இரண்டு கையெழுத்தில். யாருடைய சொந்தக் கணக்குக்கும் ஒரு நாளுக்குக்கூடப் பணம் போகக் கூடாது, 'அவசரத்துக்கு என் நம்பருக்கே அனுப்பிடுங்க' என்பதில்தான் பல வம்புகள் பிறக்கின்றன. பில் இல்லாமல் பணம் இல்லை, அது தலைவிக்கும் சேர்த்துத்தான். மாதம் ஒருமுறை வரவு, செலவு, கையிருப்பு என மூன்றே வரியில் பொருளாளர் குழுவில் போடட்டும். கேட்பதற்கு முன்னாலேயே வந்துவிடுகிற கணக்கைப் பார்த்து யாரும் குத்திப் பேச முடியாது. அந்தக் கேள்வி கேட்டவரையே அரையாண்டுக் கணக்கைச் சரிபார்க்கக் கூப்பிடுங்கள். வந்தால் கழகத்துக்கு ஒரு தணிக்கையாளர் கிடைத்தார். வராவிட்டால், கூப்பிட்டது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

தலைமை ஆசிரியரைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, அது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பெயரிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்களே. மாதம் ஒருமுறை பதினைந்து நிமிடம் அவரைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள், புகார் இல்லாத மாதத்திலும் போங்கள். எந்தப் புது யோசனையும் கூட்டத்தில் முதன்முறையாக அவர் காதில் விழக் கூடாது, பொது இடத்தில் திகைக்கவைத்தால் பெரும்பாலானவர்கள் 'பார்க்கலாம்' என்று தள்ளிப் போட்டுவிடுவார்கள். தன் பிள்ளையின் மதிப்பெண், குறிப்பிட்ட ஆசிரியர் மீது வருத்தம் இதெல்லாம் கழகக் கூட்டத்தில் பேசுவதில்லை என்று ஆரம்பத்திலேயே கோடு போட்டுவிடுங்கள். உங்கள் மகளின் விஷயத்துக்கும் அதே கோடுதான். அவளுடைய வகுப்பாசிரியரைப் பார்க்கப் போகும்போது நீங்கள் அம்மா மட்டும்தான், தலைவி இல்லை.

சரி, ராஜினாமா. இப்போது வேண்டாம். பாதியில் விட்டால் பணக் கேள்விக்குப் பயந்து ஓடியதாகப் பேசுவார்கள், அது தேவையில்லாத பழி. ஆனால் அடுத்த ஆண்டும் நீங்களேதான் என்ற நினைப்பு யாருக்கும் வரவிடாதீர்கள். அடுத்த கூட்டத்திலேயே 'இந்த ஆண்டோடு நான் முடித்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டு, சின்ன வகுப்பில் பிள்ளை இருக்கிற ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பள்ளியில் இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள், ஆண்டு முடிவதற்குள் ஒரு கூட்டத்தையாவது அவர் நடத்தட்டும், நீங்கள் ஓரமாக உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுங்கள். மைக் செட்காரர் நம்பர், வங்கிப் பாஸ்புக், வேலையை உடைத்து எழுதிய அந்தத் தாள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். இந்த வாரம் மட்டும் குழுவில் ஒன்றும் கேட்காமல், மூன்று பேருக்குப் போன் செய்து ஆளுக்கொரு ஒரு மணி நேர வேலை கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.