சமையல்கூடம் துணைக் கட்டடமா?

கேள்வி: இஸ்தான்புல் போய்வந்த தோழி சுலைமானியே மசூதியின் படங்களைக் காட்டினாள். மசூதியைச் சுற்றி ஏகப்பட்ட துணைக் கட்டடங்கள்! தொழும் இடத்துக்கு இவ்வளவு எதற்கு? இந்த வழக்கம் எப்போது வந்தது?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: 'துணைக் கட்டடங்கள்' என்று எழுதிவிட்டீர்கள். அந்தச் சொல்லை நான் லேசில் விடப்போவதில்லை.

நீங்கள் துணை என்று சொன்னவை என்னென்ன? மதரசாக்கள் என்கிற மார்க்கக் கல்லூரிகள், மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை, சிறுவர் பள்ளி, சமையல்கூடம், வழிப்போக்கர் விடுதி, ஹமாம் என்கிற குளியல் கூடம், வரிசையாகக் கடைகள். 1550இல் தொடங்கி 1557க்குள், சுல்தான் சுலைமானுக்காக அவருடைய தலைமைக் கட்டடக்கலைஞர் சினான் கட்டியது ஒரு ஊரை. அந்த ஊரின் நடுவில் தொழுகைக் கூடம் இருக்கிறது.

இப்படிப்பட்ட வளாகத்தைத் துருக்கியில் இன்று 'குல்லியே' என்கிறார்கள். முழுமை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆனால் இது பிற்காலத்தில் புழக்கத்துக்கு வந்த பெயர். அன்று அங்கே ஆண்ட உஸ்மானியர் சொன்னது 'இமாரெத்'. ஓர் இடத்தைக் கட்டியெழுப்பி, ஆள் குடியிருக்கச் செய்வது என்பது அதன் மூலப்பொருள். முதலில் வளாகம் முழுவதையும் குறித்த சொல், போகப்போக அதற்குள் இருந்த ஒரே ஒரு கட்டடத்தின் பெயராகச் சுருங்கியது. எந்தக் கட்டடம் தெரியுமா? ஏழைகளுக்குச் சூப்பும் ரொட்டியும் கொடுத்த சமையல்கூடம். ஊரை வாழவைப்பது என்ற சொல் கடைசியில் அடுப்படியில் வந்து உட்கார்ந்ததே, இதைவிட எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

கட்டடக்கலை என்று எழுத உட்கார்ந்தாலே நம்மவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். கோயில் என்றால் கோபுரம் எத்தனை அடி, மசூதி என்றால் மினாரா எத்தனை. மடைப்பள்ளியை யாராவது அளந்து எழுதியிருக்கிறார்களா? பல வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் ஒரு பெரியவர், சுலைமானியே வெறும் அயா சோபியாவின், அதே நகரில் தேவாலயமாகக் கட்டப்பட்ட பழைய கட்டடத்தின், நகல் என்று எழுதினார். குவிமாடத்துக்கு முட்டுக்கொடுக்கும் அரைக்குவிமாடங்கள் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவாம். அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறேன்: ஐயா, கொஞ்சம் கீழே பாருங்கள். மலைச்சரிவு பொற்கொம்பு நீர்நிலையை நோக்கி இறங்குகிறது. அந்தச் சரிவில் இரண்டு மதரசாக்களைச் சினான் படிப்படியாக இறக்கிவிட்டிருக்கிறார். மாணவர் அறைகள் படிக்கட்டுபோல ஒன்றைவிட ஒன்று தாழ இறங்கும். நிலத்தைச் சமன்படுத்தாமல் அதன் போக்கிலேயே ஒரு கல்லூரியை உட்கார வைத்த மனிதரை நகல் எடுப்பவர் என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

இன்னொன்று. தொழுகைக் கூடத்தில் எரிந்த எண்ணெய் விளக்குகளின் கரி, காற்றோட்டத்தில் இழுபட்டு, வாசலுக்கு மேலே உள்ள ஓர் அறையில் படியும்படி அமைத்திருந்தார். அந்தக் கரியை வழித்து மை செய்தார்கள். அதே வளாகத்து மதரசாக்களில் இன்று கையெழுத்துச் சுவடி நூலகம் இயங்குகிறது. இதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சரி, எப்போது வந்தது என்று கேட்டீர்கள். மதீனாவில் நபிகளின் பள்ளிவாசலிலேயே, வீடு வாசல் இல்லாத தோழர்கள் தங்க 'சுஃப்பா' என்ற கூரை வேய்ந்த இடம் இருந்தது. விதை அதுதான். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284–85இல் மருத்துவமனை, மதரசா, தன் கல்லறை மூன்றையும் ஒன்றாகக் கட்டினார். 1453இல் இஸ்தான்புல்லைப் பிடித்த உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மது, ஆள் குறைந்துபோன நகரத்தில் மக்களைக் குடியேற்ற வேண்டியிருந்தது. 1463 முதல் 1470 வரை ஃபாத்திஹ் வளாகம் எழுந்தது: எட்டு மதரசாக்கள், மருத்துவமனை, விடுதி, சமையல்கூடம். இவையெல்லாம் இருந்தால் சுற்றிலும் வீடுகள் தானாக வரும் என்பது கணக்கு. வந்தன.

செலவுக்குப் பணம்? வக்ஃப், அதாவது அறப்பணிக்கென்று நிரந்தரமாக எழுதிவைக்கும் சொத்து. கிராமங்களின் வரி, குளியல் கூடக் கட்டணம், கடை வாடகை எல்லாவற்றையும் எழுதிவைத்துவிடுவார்கள். வக்ஃப் பத்திரங்களைப் படித்தால் சமையல்காரர் சம்பளம்வரை குறித்திருக்கும். சுலைமானின் மனைவி ஹுர்ரெம், ஜெருசலேமில் 1552இல் ஓர் இமாரெத் அமைத்தார். காலையில் அரிசிச் சூப், மாலையில் கோதுமைச் சூப், கூடவே ரொட்டி. ஏழைகள் மட்டுமே நானூறு பேர். வெள்ளிக்கு முந்தைய இரவில் ஆட்டுக்கறிச் சோறும், குங்குமப்பூ போட்டு இனிப்பாகச் செய்த 'ஸெர்தே'யும். நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் வைக்கும் ஜர்தாவின் பெயர்தான் அது! அரசி பத்திரம் எழுதும்போது ஏழைக்கு இனிப்பு உண்டா என்று யோசித்திருக்கிறார். குவிமாடத்தின் விட்டத்தை விடுங்கள், இதை எழுதுங்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

ஹுர்ரெம் 1558இல் இறந்தார். சுலைமானியே தோட்டத்தில், கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஜெருசலேமில் அவர் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. ரமலான் மாதத்தில் பழைய நகரத்துக்காரர்கள் பாத்திரத்தோடு அங்கே போகிறார்கள்.